இரவில் நாய்க்குட்டி ஏன் அழுகிறது?

தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் இரவில், பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பகலெல்லாம் ஆளாளுக்கு மடியில் வைத்துக் கொஞ்சிய குட்டிக்குப் பத்து மணிக்கு மேல் போர்ட்டிகோவிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு சாக்கை விரிக்கிறார்கள். கழுத்தில் கயிறு ஏறுகிறது, விளக்கு அணைகிறது, கதவு சாத்தப்படுகிறது. சிறிது நேரத்தில் முனகல் தொடங்கிக் கீச்சுக்குரலாகி ஊளையாக நீள்கிறது. "இரண்டு நாள் கத்தும், பிறகு பழகிவிடும், கண்டுகொள்ளாதீர்கள்" என்று நாய் வளர்த்தவர்களே சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த யோசனை தவறானது என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன.

குட்டி அதுவரை எப்படி வாழ்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிறக்கும்போது அதற்குக் கண்ணும் திறந்திருப்பதில்லை, காதும் கேட்பதில்லை. கண் திறக்கவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. முதல் சில வாரங்களில் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுப்பதால்தான் அவை குளிரிலிருந்து பிழைக்கின்றன. தாய் நக்கித் தூண்டினால்தான் சிறுநீரே கழிகிறது. அந்த வயதில் கூட்டத்திலிருந்து விலகி உருண்டுபோன குட்டிக்கு ஒரே வழி, தாய்க்குக் கேட்கும்படி கத்துவது. கத்தாத குட்டி செத்துப்போகும். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக இந்தக் குரல்தான் குட்டிகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரிலிருந்த ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1940களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை ஆராய்ந்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி மற்ற உயிர்களோடு உறவு பிடிக்கும் பருவம் என்பது அங்கே தெளிவாயிற்று. குட்டிகளைச் சில நிமிடங்கள் தனியே விட்டு, எவ்வளவு கத்துகின்றன என்றும் ஸ்காட்டின் குழுவினர் எண்ணினார்கள். பழகிய கூண்டில் தனியே விடப்பட்ட குட்டியைவிட, புதிய இடத்தில் தனியே விடப்பட்ட குட்டி பல மடங்கு அதிகமாகக் கத்தியது. ஆறு, ஏழு வார வயதில் அந்த அழுகை உச்சத்தைத் தொட்டது. நாம் குட்டியைக் கொண்டுவருவது அந்த உச்சம் இன்னும் தணியாத வயதில். அதோடு இடமும் புதிது, துணையும் இல்லை. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்துகொள்கின்றன.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் நாற்பது நாள் குட்டிகளை விற்பது நின்றபாடில்லை. வாங்குபவர்கள் கேட்டு மறுத்தால்தான் இது நிற்கும்.

அழும்போது குட்டியின் மூளையில் என்ன நடக்கிறது என்பதை யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் தேடினார். எஸ்டோனியாவில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பணிபுரிந்தவர். தனியே விடப்பட்டுக் கதறிய நாய்க்குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவில் மார்ஃபின் கொடுத்தபோது, அவை மயங்கித் தூங்காமலேயே அழுகையைக் குறைத்தன. இதைப் பற்றி 1978இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். மார்ஃபின் உடல் வலியை ஆற்றும் மருந்து. அதே மருந்து பிரிவின் அழுகையையும் ஆற்றுகிறது என்றால், இரண்டும் மூளையில் நெருங்கிய பாதைகளில் ஓடுகின்றன என்று பொருள். தாயின் மடியில் ஒட்டிக் கிடக்கும்போது மூளை தானே சுரக்கும், மார்ஃபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் குட்டியை அமைதியாக வைத்திருக்கின்றன. தனித்துவிடப்பட்டால் அந்தச் சுரப்பு குறைகிறது, அழுகை எழுகிறது. பாங்க்செப் இந்த அமைப்புக்குப் 'பீதி' என்றே பெயரிட்டார். போர்ட்டிகோவில் கட்டிப்போட்ட குட்டியின் ஊளையைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டுபவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: அது உண்மையான வேதனை.

அப்படியானால் மூன்றாம் இரவு அது அமைதியாகிவிடுகிறதே, பழகிவிட்டதால்தானே என்று கேட்கலாம். ஒஹையோவிலேயே ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹென்னெஸி என்ற ஆய்வாளர், கினிப் பன்றி எனப்படும் சிறு கொறிவிலங்கின் குட்டிகளிடம் இதை நுணுக்கமாகப் பார்த்தார். தாயைப் பிரிந்த குட்டி முதலில் ஓயாமல் கத்தித் தேடியது. சில மணி நேரத்தில் கத்தல் ஓய்ந்து, முடி சிலிர்த்து, கண் செருகி, கூனிக் குறுகி உட்கார்ந்தது. நோயுற்ற விலங்கு உட்காருவதைப் போன்ற இருப்பு அது. உடலில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களின் பங்கும் அதில் தெரிந்தது. நாய் வேறு, கினிப் பன்றி வேறு. என்றாலும், குட்டியின் மௌனத்தை அதன் நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

எனவே முதல் சில வாரங்கள் குட்டி மனிதர் படுக்கும் அறையில் படுக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியோ கூண்டோ போதும். உள்ளே தாயும் உடன்பிறந்த குட்டிகளும் படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து விரிக்கலாம், பழகிய மணம் துணையாக இருக்கும். அது சிணுங்கினால் கையை நீட்டித் தொட்டால் போதும். இரவில் துணை கொடுத்தால் குட்டி கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. தூக்கம் நிலைத்ததும் படுக்கையை நாளுக்கு ஓரடியாக வாசலை நோக்கி நகர்த்தலாம். பகலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அறைக்கு வெளியே ஒரு நிமிடம், பிறகு மூன்று, பிறகு பத்து என்று தனிமையைப் பழக்கலாம். போனவர் திரும்பி வருவார் என்பதைப் பலமுறை கண்டால்தான் குட்டிக்குத் தனிமை பழகும்.

இனி, துணை இருந்தும் நள்ளிரவில் விழிப்பது ஏன்? நாயின் உறக்கமே அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரவெல்லாம் கவனித்து 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, அவை சராசரியாக 16 நிமிடம் உறங்கி 5 நிமிடம் விழித்தன. இரவு முழுவதும் இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. வளர்ந்த நாய் விழித்தாலும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. குட்டி விழிக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் எழுந்துவிடும். அதன் பை சிறியது, அடக்கும் தசையும் முதிரவில்லை. இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஓரிரு முறையாவது வெளியே போக வேண்டியிருக்கும். அழைத்துப் போகும்போது பெரிய விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், பேசாமல் வேலையை முடித்துவிட்டு நேரே படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும். நடுநிசியில் ஒரு முறை பந்து விளையாடிவிட்டால், மறுநாள் அதே நேரத்துக்குக் குட்டி தயாராக இருக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. குட்டிக்கு ராத்திரியில் பசும்பால் வைக்கிறோம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பால்குடி மறக்கும் குட்டியிடம் குறைந்துகொண்டே வருகிறது. வயிறு பொருமி, கழிச்சல் வந்து, இரவு மூன்று முறை எழும் குட்டிக்கு மருந்து தேடும் முன் பாலை நிறுத்திப் பார்க்கலாம். குடற்புழுவும் அப்படித்தான். உருண்டைப்புழு தாயின் கருப்பை வழியாகவும் பால் வழியாகவும் குட்டிக்கு வருவதால், தெருவையே பார்க்காத குட்டியின் வயிற்றிலும் புழு இருக்கலாம். உண்ணி ஏறிய குட்டி சொறிந்துகொண்டே விழித்திருக்கும். மே மாத இரவில் மின்விசிறி இல்லாத மூலையில் படுத்த குட்டி, வியர்வையால் தணிய வழியின்றி மூச்சிரைக்கும்.

குரைப்பு தனிக் கதை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சோஃபியா யின் என்ற கால்நடை மருத்துவர் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து ஒப்பிட்டார். அந்நியர் மணியடிக்கும்போது வரும் குரைப்பு தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, அடுக்கடுக்காக விழுந்தது. தனித்துவிடப்பட்ட நாய் உயர்ந்த சுருதியில், இடைவெளி விட்டு, ஒற்றை ஒற்றையாகக் குரைத்தது. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டின் யோட்வோஷ் லோராந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் இத்தகைய பதிவுகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்களும் எந்தச் சூழலில் எழுந்த குரைப்பு என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நம் காது இதற்குத் தகுதியானதுதான். நிறுத்தச் சொல்லும் முன் ஒரு நிமிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தெருநாய்கள் ஊளையிடும்போது பதிலுக்குக் குரைக்கும் குட்டிக்குச் சன்னலை மூடி, ஒரு மின்விசிறியின் இரைச்சலைக் கூட்டினாலே பெரும்பகுதி அடங்கும். மாலை ஏழு மணிக்குக் காரணமின்றி வெறிபிடித்ததுபோல் ஓடி, கடித்து, குரைக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கமே போதவில்லை. அதற்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரை உறக்கம் தேவை. விருந்தாளிகளும் பிள்ளைகளும் மாறி மாறி எழுப்பும் வீட்டில் அது கிடைப்பதில்லை. களைத்துத் தூங்கிவிடும் என்று மேலும் ஓடவிடுவது எதிர்விளைவையே தரும். பகல் தூக்கத்தின் பயன் ஓய்வோடு முடிவதில்லை. புடாபெஸ்டில் 2017இல் நடந்த ஆய்வில், ஹங்கேரிய மொழிக் கட்டளைகளை அறிந்த நாய்களுக்கு அவற்றையே ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்துத் தூங்கவிட்டார்கள். தூங்கி எழுந்தபின் அவை இன்னும் நன்றாகக் கீழ்ப்படிந்தன.

மிகவும் சிக்கலானது, கேட்டு வாங்கும் குரைப்பு. தட்டைப் பார்த்து, பந்தைப் பார்த்து, உங்கள் கண்ணைப் பார்த்து, வாலை ஆட்டியபடி குரைப்பது. இதில் பீதி இல்லை. குரைத்தால் பலன் உண்டு என்று குட்டி கற்றிருக்கிறது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் செயல், எப்போதும் பலன் கிடைக்கும் செயலைவிட அழியக் கடினமானது என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வகம் புறாக்களிடமும் எலிகளிடமும் விரிவாகக் காட்டியது. பத்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பதினோராவது நிமிடம் பிஸ்கட் கொடுப்பவர், பதினோரு நிமிடம் குரைக்கப் பயிற்சி கொடுக்கிறார். பலனை நிறுத்தியதும் குரைப்பு முதலில் கூடும், அதன்பிறகே குறையும். அந்தக் கூடும் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். குட்டி வாயை மூடிய இரண்டு மூன்று விநாடிகளுக்குள் பலனைக் கொடுத்தால் அமைதிக்கும் விலை உண்டு என்று அது கற்கும்.

இரவு அழுகைக்குப் பதில் கொடுக்கச் சொல்லிவிட்டு இங்கே பலனை நிறுத்தச் சொல்வது முரண்போலத் தோன்றும். பீதியில் இருக்கும் குட்டியின் அழுகை ஆறுதலால் தணிகிறது, கேட்டு வாங்கும் குரைப்பு ஆதாயத்தால் வளர்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. எது என்று தெரியாத நள்ளிரவில் ஆறுதல் பக்கம் சாய்வதே நல்லது. அடியும் அதட்டலும் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையும் இரண்டில் எதற்கும் பொருந்தாது. பயந்த குட்டியை அவை மேலும் பயமுறுத்துகின்றன, பயந்த நாய் பின்னாளில் கடிக்கக்கூடும்.

நான்கு மாத வயதை ஒட்டிப் பெரும்பாலான குட்டிகள் இரவெல்லாம் தூங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகும் தனியே விட்டால் எச்சில் ஒழுகக் கதவைப் பிறாண்டினாலோ, நன்றாகத் தூங்கிவந்த குட்டி திடீரென இரவில் அலறத் தொடங்கினாலோ, அதற்குக் கால்நடை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.