பங்குனி ஆமைக் குஞ்சு ஆணா, பெண்ணா? மணலின் சூடு முடிவு செய்வது எப்படி?

கடலாமை முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைக்கும் வனத்துறை உயிரியலாளர்கள், கூடவே வெப்பநிலைக் கருவியையும் புதைப்பது எதற்காக என்று வடசென்னை எர்ணாவூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். குஞ்சுகள் ஆணாகுமா பெண்ணாகுமா என்பதைக் கணிப்பதற்காகத்தான்.

மனிதரில் இதை எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. கடலாமைக்கு அத்தகைய குரோமோசோம்கள் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையேறும் பங்குனி ஆமை என்ற கடலாமை, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழக் குழியில் சுமார் நூறு முட்டைகள் இடுகிறது. அவை 45 முதல் 60 நாட்களில் பொரிக்கின்றன. அந்த நாட்களின் நடுப்பகுதியில், மணலின் வெப்பம் 29-30 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் இரு பாலும் கலந்து பிறக்கும். அதற்குக் குறைந்தால் ஆண் மிகும், கூடினால் பெண் மிகும்.

வெப்பம் எப்படி ஓர் உறுப்பாக மாறுகிறது? இதற்கான விடையைச் செங்காது ஆமை என்ற நன்னீர் ஆமையிடம் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் கண்டனர். அந்த இனத்தில் 26 டிகிரியில் ஆணும் 32 டிகிரியில் பெண்ணும் பிறக்கின்றன. விந்தகத்தை உருவாக்கத் தொடங்கிவைக்கும் மரபணுவின் பெயர் டிஎம்ஆர்டி1. அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மீத்தைல் என்ற வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும்வரை அந்த மரபணு திறப்பதில்லை. குளிர்ந்த முட்டையில் கேடிஎம்6பி என்ற நொதி தாராளமாக உருவாகி, அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிடுகிறது. மரபணு திறந்து, விந்தகம் உருவாகிறது. சூடான முட்டையில், செல்லுக்குள் கால்சியம் அயனிகள் பெருகி, ஸ்டாட்3 என்ற புரதத்தைத் தூண்டிவிடுகின்றன. அந்தப் புரதம், நொதியை உண்டாக்கும் மரபணுவின் மீதே போய் அமர்ந்து அதை அடக்கிவிடுகிறது. நொதி இல்லாததால் குறிகள் நீங்குவதில்லை, சூலகம் உருவாகிறது. முட்டைகளை 26 டிகிரியிலேயே வைத்து நொதியை மட்டும் ஒடுக்கியபோது, ஆணாகியிருக்க வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாயின என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் சோதனை.

வளரும் கருக்கள் தாமும் வெப்பத்தை வெளியிடுவதால், குழியின் நடுவிலுள்ள முட்டைகள் ஓரத்து முட்டைகளைவிடச் சூடாக இருக்கும். குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறியவும் இயலாது. எனவே உயிரியலாளர் குழிக்குள்ளேயே வெப்பத்தைப் பதிந்து, தேவையெனில் நிழல்வலை கட்டச் சொல்கிறார். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கருவே மடியக்கூடும்.

முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்வதால், அதற்குப் பின் புரட்டினால் இறந்துவிடும். ஆகவே கூட்டைக் கண்டவர் உடனே வனத்துறைக்குத் தெரிவிப்பதே பெரிய உதவி. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லி விலகிப்போவது, இந்த உயிருக்கு நாம் இழைக்கும் அநீதி.

வடசென்னையில் முட்டையிட மணலே அரிதாகிவிட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகம் தடுத்ததால் மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்தது, கருங்கற்கள் கொட்டப்பட்டன. கற்குவியலில் ஆமை குழி தோண்ட முடியாது. எஞ்சிய மணற்பரப்புகள், பழவேற்காடு வரை, அதனாலேயே விலைமதிப்பற்றவை.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது எல்லோரும் அதிர்ந்தோம். ஆனால் பாலின விகிதம் சரிந்தால் சடலம் எதுவும் ஒதுங்காது. இன்று பொரிக்கும் குஞ்சு இனப்பெருக்க வயதை எட்டப் பத்தாண்டுக்கும் மேலாகும். பெண்களே மிகுந்த ஒரு தலைமுறையின் விளைவு அதற்குப் பிறகுதான் தெரியவரும். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் (பச்சைக் கடலாமை) 99 விழுக்காடும் பெண் என 2018இல் கண்டறிந்தார்கள். இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டநிதியில் ஒப்பந்த ஊழியராக அமர்த்தப்படும் உயிரியலாளரால் இத்தகைய மாற்றத்தைப் பின்தொடர முடியாது. அரசு இப்பணியிடங்களை நிரந்தரமாக்கி, ஒவ்வொரு பருவத்தின் வெப்பப் பதிவுகளையும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகப் பேண வேண்டும்.