லூவேன் தெருவில் ஒரு கதவு எண்

கேம்பிரிட்ஜில் தம் அறையில் இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார். சாப்பிட வந்த நண்பர் பி. சி. மகலனோபிஸ் (பின்னாளில் பெயர்பெற்ற புள்ளியியல் அறிஞர்) மேசையருகே 'ஸ்டிராண்ட்' மாத இதழைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். 1914 டிசம்பர் இதழ். அதில் ஹென்றி டியூடனியின் புதிர்ப் பக்கம் ஒரு கிராமத்து விடுதியில் தொடங்குகிறது. கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்காரர்கள் கதை பேசுகிறார்கள். ஜெர்மானியர் எரித்துவிட்ட லூவேன் என்ற பெல்ஜிய ஊரைப் பற்றிப் பேச்சு வருகிறது. அங்கே ஒருவருக்கு நண்பர் இருந்தாராம்.

நண்பரின் வீடு நீண்ட தெருவில். அவர் வீட்டு வரிசையில் கதவு எண்கள் 1, 2, 3 என்று விடாமல் போகும். அவர் வீட்டுக்கு ஒரு பக்கத்து எண்களைக் கூட்டினால் வரும் தொகையே மறுபக்கத்து எண்களைக் கூட்டினாலும் வரும். வரிசையில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். நண்பரின் கதவு எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடங்களில் எண்களைப் போட்டுப் பார்த்தே விடையைப் பிடித்துவிட்டார். புதிரைச் சொன்னதும், வாணலியைக் கிளறியபடியே கேட்ட இராமானுஜன் விடையை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னது ஓர் எண் அல்ல, தொடர் பின்னம்: பின்னத்தின் கீழே இன்னொரு பின்னம், அதன் கீழே இன்னொன்று என்று அடுக்கடுக்காக இறங்கிப் போவது. இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்குமான விடை அதில் இருந்தது.

இராமானுஜனின் மேதைமைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தத் தெருவின் மீதுதான் கண்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் இதையே சிறிய தெருவாக்கிச் சொன்னேன். எட்டே வீடுகள். எந்த வீட்டில் நின்றால் இரண்டு பக்கமும் சமம்? யோசிக்காமல், "நடுவில், ஐந்து" என்றாள். கூட்டிப் பார்த்தாள்: இடப்பக்கம் 10, வலப்பக்கம் 21. "அந்தப் பக்கத்து எண்களெல்லாம் கனம்" என்று சொல்லிவிட்டு ஒரு வீடு தள்ளிப் போனாள். 1 முதல் 5 வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. ஆறாம் எண் வீடு!

அடுத்து புளியங்கொட்டையை எடுத்தோம். முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என எட்டு வரிசை அடுக்கினால் ஒரு முக்கோணம், மொத்தம் 36 கொட்டைகள். அதைக் கலைத்து ஆறுக்கு ஆறாக அடுக்கினால் மிச்சமில்லாமல் ஒரு சதுரம். அந்தச் சதுரத்தின் மூலைவிட்டத்தில் ஆறு கொட்டைகள், அதற்கு இருபுறமும் பதினைந்து பதினைந்தாக இரண்டு முக்கோணங்கள். மூலைவிட்டம்தான் நண்பரின் வீடு. இரண்டு முக்கோணங்கள் தெருவின் இரண்டு பக்கம். தெருவே சதுரமாக மடிந்து தரையில் கிடக்கிறது.

ஆக, லூவேன் கதைக்குள் இருக்கும் கேள்வி இது: முக்கோணமாகவும் சதுரமாகவும் அடுக்கக்கூடிய எண்ணிக்கை எது? 36க்கு அடுத்தது 1225. அதாவது 49 வீட்டுத் தெருவில் 35ஆம் எண். அதற்கடுத்தது 41,616.

இங்கே இரண்டின் வர்க்கமூலம் நுழைகிறது. 49 வரிசை முக்கோணம் என்பது 49க்கு 49 சதுரத்தில் ஏறக்குறையப் பாதி. அந்தப் பாதியும் சதுரமாக வேண்டுமென்றால், இரண்டு சதுரங்களின் பக்கங்களும் ஏறத்தாழ √2 விகிதத்தில் இருக்க வேண்டும். √2ஐ எந்தப் பின்னமும் சரியாகத் தொடாது. மேலும் மேலும் நெருங்கிப் போகும் பின்னங்கள் உண்டு: 1/1, 3/2, 7/5, 17/12. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டினால் அடுத்த பின்னத்தின் கீழ் எண். அதோடு பழைய கீழ் எண்ணை இன்னொரு முறை சேர்த்தால் மேல் எண். தொடர் பின்னத்தை ஒவ்வோர் அடுக்காக வெட்டினால் கிடைப்பவை இவையே. இப்போது ஒவ்வொன்றிலும் மேலையும் கீழையும் பெருக்கிப் பாருங்கள்: 1, 6, 35, 204. எல்லாம் கதவு எண்கள்! 204க்கு 204 சதுரம்தான் மேலே வந்த 41,616. அதை முக்கோணமாக அடுக்கினால் 288 வரிசை. ஆக, நண்பரின் வீடு 204, வரிசையில் 288 வீடுகள். இருபக்கமும் தொகை 20,706. (இப்படி இரண்டு சதுரங்களை முழு எண்களில் பொருத்தும் சமன்பாடுகளை இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் 628லேயே கையாண்டிருக்கிறார். ஐரோப்பியர் அவற்றுக்கு வைத்த பெயர் 'பெல் சமன்பாடு'.)

பாடநூலில் அறுபது தர்ப்பூசணி வாங்கும் ராமுவை எடுத்துவிட்டுச் சோமுவைப் போடலாம், தர்ப்பூசணிக்குப் பதில் தலையணை வைக்கலாம். கணக்குக்கு ஒன்றும் ஆகாது. கதை அங்கே மேலுறை. லூவேன் கதையில் தெருவை எடுத்தால் கணக்கு விழுந்துவிடும். வரிசை எண்ணைத் தருவது தெரு, சமன் கேட்பது வீட்டின் இரண்டு பக்கம். 50 என்ற கீழ் எல்லைகூட வெறும் பேச்சு அல்ல: 49 வீட்டுத் தெருவை மயிரிழையில் வெளியே தள்ளுகிறது. 500 என்பது அடுத்து வரும் 1681 வீட்டுத் தெருவைத் தடுக்கிறது. ஊர் எரிந்துவிட்டதால் நேரில் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை, கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

அக்கா மகளுக்கு √2 வரைக்கும் போகவில்லை. புளியங்கொட்டையோடு நிறுத்திக்கொண்டோம். மறுநாள் தன் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று பார்க்கப் போனவள், பாதியில் திரும்பி வந்து கேட்டாள்: "பழைய எண்ணா, புதிய எண்ணா, மாமா?"