உப்பைக் கரைத்துக் குடிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. உட்லண்ட்ஸில் இருக்கும் உறவுக்கார அக்கா. "தம்பி, நீ கதிர்வீச்சு வேலைதானே பார்க்கிறாய்? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி நேற்றுப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். மூன்று நாளாக உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறார்."

ஏன் என்று கேட்கவே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு. நான்கு நிமிடம், நல்ல தமிழ், நடுங்காத குரல். அடுக்குமாடிப் புளோக் கூரையில் பொருத்துகிற சூரியத் தகடுகள் கதிர்வீச்சை இழுத்து வீட்டுக்குள் விடுகின்றனவாம். அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் போட்டாகிவிட்டதாம். ஜப்பான் கடலில் விஷத் தண்ணீரைத் திறந்துவிட்டதாம். எல்லாம் ஒரே திட்டமாம். அயோடின் உப்பைக் கரைத்துக் காலையும் மாலையும் குடித்தால் உடம்பில் ஏறாதாம். பெரியம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பல வருடமாக அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்.

இந்த ஆண்டில் எனக்கு வந்த ஐந்தாவது அழைப்பு இது. முதல் நான்குக்கும் தொலைபேசியிலேயே பொறுமையாகப் பதில் சொன்னேன். இந்த முறை மருந்தகம்வரை போய்விட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான்.

இருபத்திரண்டு வருடமாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எக்ஸ்ரே அறைகளின் சுவர்க் கனத்தைச் சோதிப்பது, ஊழியர்கள் வாங்கிய கதிர்வீச்சைக் காட்டும் அளவுப் பட்டைகளைப் படிப்பது, கப்பல் பட்டறைகளில் வெல்டிங் இணைப்பைப் படமெடுக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. (அந்தப் பட்டறை வேலையில் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைக் கையில் எடுத்தால் விரல் போய்விடும். அதைப் பற்றி இதுவரை ஒருவர்கூட எனக்குக் குரல் பதிவு அனுப்பியதில்லை.)

அன்று மாலையே கதிர்வீச்சு அளவுமானியை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீடு மேல்மாடி, தகடுகளுக்கு நேர் கீழே. கூடத்தில் நாற்காலிமேல் ஏறி, உட்கூரையை ஒட்டிப் பிடித்தேன். மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கீழே இறங்கிப் புளோக் அடித்தளத்தில் பிடித்தேன். அதே அளவு. அது சிமெண்டும் மண்ணும் வானமும் எப்போதும் தந்துகொண்டிருப்பது. பிறகு அடுப்படிக்குப் போய், பெரியம்மா கரைத்துக் குடித்த உப்புப் பொட்டலத்தின்மேல் உணர்கருவியை வைத்தேன். டிக், டிக், டிக் என்று வேகம் கூடியது. பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அது சோடியம் குறைந்த உப்பு. உடம்புக்கு நல்லது என்று மகள் வாங்கி வைத்தது. சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு கொஞ்சம் எப்போதும் உண்டு. வாழைப்பழத்திலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு. எல்லா வகையும் சேர்த்து, நம் ஒவ்வொருவருக்குள்ளும் நொடிக்கு ஏழாயிரம் அணுக்கள் போலச் சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆபத்தில்லை. ஆனால் கதிர்வீச்சுக்குப் பயந்து குடித்த பொருள்தான் அந்த வீட்டிலேயே அதிகம் சத்தம் போட்டது. அயோடின் சேர்த்தது என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடினேன். எழுதியிருக்கவில்லை.

எழுதியிருந்தால்தான் என்ன? கணக்குப் போடுவோம். இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அணு உலை விபத்தில் கதிரியக்க அயோடின் காற்றில் வெளியேறினால், அது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கும். அதற்கு முன்பே நல்ல அயோடினால் தைராய்டை நிரப்பிவிட்டால் கெட்டதற்கு இடமிருக்காது. அதற்காகத்தான் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அதில் அயோடின் ஏறக்குறைய 100 மில்லிகிராம். அயோடின் சேர்த்த உப்பில், கிலோவுக்கு முப்பது மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரைக்கு ஈடாக மூன்று கிலோவுக்குமேல் உப்பை ஒரே வேளையில் தின்ன வேண்டும். அதற்கு வெகுமுன்பே உப்பு ஆளைக் கொன்றுவிடும். பெரியம்மா ஒரு வேளைக்குக் கரைத்தது ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம். அயோடின் உப்பாகவே இருந்தாலும் கிடைப்பது 0.15 மில்லிகிராம்.

இன்னும் இருக்கிறது. அந்த மாத்திரை அயோடினை மட்டும்தான் தடுக்கும். 2023 ஆகஸ்ட் 24 முதல், 2011இல் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்திலிருந்து கடலில் விடப்படுவது சுத்திகரித்த நீர். அதில் பேசுபொருளாக இருப்பது டிரிட்டியம். டிரிட்டியம் ஒரு வகை ஹைட்ரஜன், தைராய்டைத் தேடிப் போகாது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதபோது உப்புக்கு எங்கே சம்பந்தம்? அந்த ஆண்டு தென்கொரியாவிலும் சீனாவிலும் கடைகளில் உப்பு மூட்டைகள் காலியானதைச் செய்தியில் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். இன்று நம் அடுப்படியிலும் அதே கூத்து.

இத்தனைக்கும் அடியில் ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. தமிழ் நமக்கு இரண்டு சொற்களைக் கொடுத்திருக்கிறது: கதிர்வீச்சு, கதிரியக்கம். நாம் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டோம். கதிர்வீச்சு என்பது ஒரு மூலத்திலிருந்து புறப்பட்டு வருவது. வெயில், விளக்கொளி, வானொலி அலை, எக்ஸ்ரே எல்லாமே கதிர்வீச்சுதான். கதிரியக்கம் என்பது சில அணுக்களின் குணம், தாமாகச் சிதைந்து கதிரை உமிழ்வது. கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசனை வருவதால் மூக்கில் கருவாடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? கருவாட்டைக் கையால் தொட்டால்தான் கை நாறும். வாசனை கதிர்வீச்சு. கருவாடு கதிரியக்கப் பொருள். கையில் ஒட்டியது மாசு. (வாசனையும் துகள்தானே என்று இயற்பியல் படித்த நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், காப்பி வாங்கித் தருகிறேன்.) எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் பிள்ளையைத் தூக்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். தாராளமாகத் தூக்கலாம்.

சூரியத் தகடு வெயிலை வாங்கி மின்சாரம் தருகிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட கதிர்வீச்சு அந்தத் தகட்டுக்கு மேலே இருக்கிறது. அது வெயில். அதற்குப் பயந்து யாரும் குடை எடுப்பதில்லை.

தகடு பற்றி வெளிநாட்டவரோடு நடந்த "கூட்டு ஆராய்ச்சி" என்ற சொல்லும் அந்தக் குரல் பதிவில் சதி போல ஒலித்தது. நடந்தது இதுதான். சிங்கப்பூர்ச் சூரியசக்தி ஆய்வுக் கழகம் 2008இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் தலைவர் யோவாகிம் லூதர், ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் ஃபிரான்ஹோஃபர் சூரியசக்தி ஆய்வு நிலையத்தை நடத்தியவர். வெளிநாட்டவர் எதற்கு என்றால், தகடுகளின் திறனை ஆய்வகத்தில் 25 டிகிரியில் அளப்பார்கள். நம் கூரையில் உச்சிவெயிலில் தகடு 60 டிகிரிவரை கொதிக்கும். ஒரு டிகிரி ஏறினால் 0.4 விழுக்காடு அளவுக்குத் திறன் குறையும். முப்பத்தைந்து டிகிரிக்குக் கணக்குப் போட்டால் பதினான்கு விழுக்காடு காணாமல் போகிறது. குளிர்நாட்டு அனுபவமும் நம் ஈரக்காற்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விடை கிடைக்கும். 2016இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் பல நிறுவனங்களின் மிதக்கும் சூரியத் தகடு அமைப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் விட்டுச் சோதித்தார்கள். 2021இல் அதே நீரில் 60 மெகாவாட் நிலையம் திறந்தது, 122,000 தகடுகள். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அணு ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 31 அன்று சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனும் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆண்டனி பிளிங்கனும் கையெழுத்திட்டது '123 உடன்பாடு'. அமெரிக்காவின் 1954 அணுசக்திச் சட்டத்தில் 123ஆம் பிரிவு என்பதால் அந்தப் பெயர். உலை வாங்கும் ஒப்பந்தமன்று. அமெரிக்கத் தொழில்நுட்பத் தகவலையும் நிபுணர்களையும் அணுகுவதற்கான கதவு. அணு மின்சாரத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கவில்லை என்று அரசாங்கம் பலமுறை சொல்லியிருக்கிறது. "முடிவே எடுக்காதவர்களுக்கு எதற்கு நிபுணர்?" என்று பெரியம்மாவின் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. நாம் கட்டாவிட்டாலும் சுற்றுவட்டாரத்தில் யாராவது கட்டலாம். காற்று கடப்பிதழ் காட்டிவிட்டு வருவதில்லை.

1986 ஏப்ரல் 28 காலை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி எச்சரிக்கை மணியை அடிக்க வைத்தது. தங்கள் உலைதான் கசிகிறது என்று முதலில் பதறினார்கள். கசிந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சோவியத் ஒன்றியத்தில் இருந்த செர்னோபில் அணு உலை, இரண்டு நாள் முன்பு. சோவியத் அரசு அன்று மாலைதான் வாயைத் திறந்தது. அந்த மௌனத்தின் பலனாகத்தான் அதே ஆண்டு செப்டம்பரில், விபத்து நடந்தால் அண்டை நாடுகளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்ற அனைத்துலக உடன்படிக்கை வந்தது. சிங்கப்பூரும் அதில் இருக்கிறது. ஆசியான் நாடுகளின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்புகளும் தமக்குள் ஒரு கட்டமைப்பு வைத்திருக்கின்றன. "ஒத்துழைப்பு" என்று செய்தியில் வருவதில் பாதி இதுதான். யார் யாருக்கு, எத்தனை நேரத்துக்குள், எந்த அலகில் சொல்வது என்ற அலுப்பூட்டும் ஏற்பாடு.

எங்கள் தரப்பிலும் குற்றம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் நிலையம், கணினித் தாக்குதல் என்பது பொய்ச் செய்தி என்று அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது. உலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் அந்த வலைப்பின்னலோடு சேராதவை என்பதும் அதில் இருந்தது. முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஃபுக்குஷிமா விபத்தை, 7 வரை போகும் அனைத்துலக அணு விபத்து அளவுகோலில் முதலில் 4ஆம் நிலை, பிறகு 5, ஒரு மாதம் கழித்து 7 என்று உயர்த்தியபோதும் அப்படித்தான், கேட்டவர்களுக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது போல இருந்தது. எண்களை வீசுவதும் எங்கள் கெட்ட பழக்கம். ஆண்டுக்கு 22 டிரில்லியன் பெக்கரல் டிரிட்டியம் என்பது ஃபுக்குஷிமா வெளியேற்றத்தின் உச்சவரம்பு (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). கேட்டவருக்குத் தூக்கம் வருமா? அத்தனை டிரிட்டியத்தின் எடை 0.06 கிராம் போலத்தான் என்று கூடவே சொல்ல எங்களில் பலருக்குத் தோன்றவில்லை.

சரி, என்ன செய்வது? அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொல்லாமல் வாய்க்குள் போடாதீர்கள். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு. சிறுநீரகக் கோளாறோ அழுத்த மாத்திரையோ இருந்தால் பொட்டாசியம் உப்பை மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உண்மையிலேயே அபாயச் சங்கு ஒலித்தால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஒலி 96.8 வானொலியைக் கேளுங்கள், வாட்ஸ்அப் அல்ல. செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள்: எந்தத் தேதி, எந்த நாடு, எந்த அலகு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் யாருக்கும் அனுப்பாமல் விரலை எடுத்துவிடுங்கள். மருத்துவர் கேட்ட ஸ்கேனைக் கதிர்வீச்சு என்று சொல்லித் தள்ளிப் போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது போதும். பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில், அன்றன்று என்ன செய்தி வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியம்மா மூன்று நாள் குடித்தது யாருக்கும் தெரியாமல்தான்.

கிளம்பும்போது பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த டிக் டிக் சத்தத்தை இன்னொரு முறை போடு, பதிவு செய்து அனுப்பியவளுக்கே அனுப்புகிறேன்" என்றார். உப்புப் பொட்டலத்தின்மேல் கருவியை வைத்தேன். பேரன் பதிவு செய்து அனுப்பினான். இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன. பதில் இன்றுவரை இல்லை.