டி செல் போடும் சத்தத்தில் கட்டி உஷாராகிறது

‘ரஷ்யாவில் கேன்சருக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாம், இலவசமாம்’ என்று 2024 டிசம்பரில் கிளம்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் ஓயவில்லை. போன வாரம் சித்தப்பா அனுப்பினார், கூடவே ஒரு கேள்வி: “எதிர்ப்பு சக்தி நல்லா இருந்தா உடம்பே அதைக் கொன்னுடாதா, எதுக்குப்பா ஊசி?” செய்தி கிடக்கட்டும், கேள்வி அருமையான கேள்வி.

இந்த வகை கேன்சர் ஊசி, போலியோ சொட்டு மாதிரி நோய் வருமுன் கொடுப்பது இல்லை. கட்டி ஏற்கெனவே வந்தவருக்குப் போடுவது. நோயை எதிர்த்து அடிக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களான டி செல்களுக்கு ‘இவனைப் பிடி’ என்று அடையாளம் காட்டுவதுதான் அதன் வேலை.

என்ன அடையாளம்? நம் செல்கள் அநேகமாக எல்லாமே தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கின்றன. ரோந்து வரும் டி செல் தடவிப் பார்த்துவிட்டு நகரும். புற்றுசெல்லில் மரபணு பிசகியிருப்பதால் தட்டில் பழக்கமில்லாத துண்டு வரும், மாட்டிக்கொள்ளும். சில கட்டிகள் தட்டையே எடுத்து ஒளித்துவிடும். தட்டில்லாத செல்லைத் தேடிக் கொல்ல என்கே என்ற வேறுவகை எதிர்ப்பு செல்கள் உண்டு, அது தனிக்கதை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். எதிரியைக் கண்ட டி செல் அடிக்கும்போதே அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்தின் பெயர் இன்டர்ஃபெரான் காமா. அதைக் கேட்ட செல்கள் இன்னும் நிறைய தட்டுகளை நீட்டும், அது டி செல்லுக்கு நல்லது. ஆனால் அதே சத்தத்துக்கு அவை பிடி-எல்1 என்ற இன்னொரு புரதத்தையும் மேற்பரப்பில் ஏற்றும். சண்டைக்கு இறங்கிய டி செல்லின் மேல் பிடி-1 என்ற பிரேக் முளைத்திருக்கும். பிடி-எல்1 அதை மிதித்தால் டி செல் அடங்கிவிடும். கட்டி கண்டுபிடித்த சூழ்ச்சி இல்லை இது. ஈரலில் வைரஸ் புகுந்தால் வைரஸை அடிக்கிற சாக்கில் ஈரலையே காலி செய்துவிடாமல் இருக்க, உடம்பு வைத்துக்கொண்டிருக்கும் பழைய ஏற்பாடு. கட்டி அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

மெலனோமா என்ற தோல் புற்றின் சீவலில் பிடி-எல்1 இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலும் டி செல்கள் குவிந்து நிற்கும் ஓரத்தில்தான் பழுப்பு அடர்ந்திருக்கும். அடி விழுகிற இடத்தில்தான் கேடயம்! சித்தப்பாவுக்குப் பதில் இதுதான். சக்திக்குக் குறைவில்லை, வந்து நிற்கிற டி செல்லின் கை கட்டப்பட்டிருக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு என்று குடிக்கும் முள் சீத்தா கஷாயம் அந்தக் கட்டை அவிழ்க்காது.

இப்போது ஊசிக்கு வாருங்கள். ஊசி பலித்தால் கட்டிக்குள் டி செல்கள் கூடும், சத்தம் கூடும், அதனாலேயே கேடயமும் கூடும். அதனால்தான் ஊசியோடு பிடி-1-ஐ மறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிடி-1-ஐ 1992-இல் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோ அப்போது புற்றுநோய்க்கு மருந்து தேடவில்லை, செல் தானாக எப்படிச் சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நோபல் வந்தது 2018-இல். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு ஆராய்ச்சி நிதியைச் சுருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் மெலனோமாவுக்குச் சோதித்த எம்ஆர்என்ஏ ஊசியை (புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குள் அனுப்பும் ஊசி) ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய வேண்டும். அவரவர் கட்டியின் மரபணுவைப் படித்து அதிகபட்சம் 34 அடையாளங்களை ஏற்றுகிறார்கள். ஒன்றிரண்டைக் கட்டி மறைத்தாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். கட்டியை வெட்டியெடுத்த 157 பேரிடம் சோதித்ததில், பிடி-1 மருந்து மட்டும் வாங்கியவர்களில் 62 சதவீதம் பேர் 18 மாதம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 79 சதவீதம். 157 பேர் சின்னக் கூட்டம்தான். அதனால் அடுத்து ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து மூன்றாம் கட்டச் சோதனையில் இறங்கியிருக்கிறார்கள்.