ஊகமல்ல, வருவித்தல்

"வகுப்பின் பெயரிலிருந்து திரட்டின் பெயரை மங்கூஸ் ஊகித்துக்கொள்ளும்." கோலாலம்பூரில் கைமாறும் தமிழ் நிரலாக்கக் குறிப்புகளில் இந்த வாக்கியம் ஓயாமல் வருகிறது. மங்கூஸ் என்பது நிரலை மாங்கோடிபி தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரலகம் (லைப்ரரி). வகுப்பு (கிளாஸ்), அதாவது மாடல், தரவின் வடிவைச் சொல்லும் நிரல்துண்டு; திரட்டு (கலெக்‌ஷன்) தரவுத்தளத்தில் பதிவுகள் சேரும் இடம். கலெக்‌ஷனைச் 'சேகரிப்பு' என்று எழுதித் தபால்தலை ஆல்பத்தை நினைவூட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த 'ஊகித்து' பொறுக்க முடியாதது.

'ஊகித்து' என்று பெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் இன்ஃபர். லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'ஃபெர்ரே' என்றால் கொண்டுவருதல். மூலத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை.

மங்கூஸ் செய்வதும் ஊகமல்ல. 'யூசர்' என்ற மாடலைக் கொடுத்தால் எழுத்தைச் சிறிதாக்கி, ஆங்கிலப் பன்மையாக்கி, 'யூசர்ஸ்' என்று தரும். 'பெர்சன்' கொடுத்தால் 'பீப்பள்'. எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான்.

'அனுமானம்' போடலாமே என்பார்கள். நம் அளவையியலில் அதற்குக் கருதல் என்று பெயர். புகையைக் கண்டு நெருப்பை அறிவது. ஆனால் அந்த நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. நிரலகம் அப்படி மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில்லை, இல்லாத பெயரை உண்டாக்குகிறது. போதாக்குறைக்கு, 'என் அனுமானத்தில் மழை வரும்' என்று பேசிப் பேசி அந்தச் சொல்லையும் ஊகத்துக்குத் தம்பியாக்கிவிட்டோம். 'உய்த்துணர்தல்' அழகான சொல், ஆனால் உணர்வதற்கு அங்கே யாரும் இல்லை.

சொல் உரையாசிரியர்களிடம் இருக்கிறது: வருவித்தல். 'நேற்று வந்தாள்' என்றால் எழுவாய் எழுதப்படவில்லை. 'ஆள்' விகுதி இருப்பதால் 'அவள்' என்று வருவித்துக்கொள்கிறோம். அதை ஊகம் என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லமாட்டார். எழுதிய வடிவத்திலிருந்து எழுதாததை விதிப்படி கொண்டுவருவது அது. லத்தீன் மூலமும் அதையேதான் சொல்கிறது.

சொல் மாறினால் பிழை தேடும் வழியும் மாறும். நம் ஊர்ப் பணிகளில் வகுப்புகளுக்கு மலாய்ப் பெயர் வைப்பது சகஜம். கடனைக் குறிக்கும் 'பின்ஜாமான்' என்று ஒரு மாடல் எழுதினால் மங்கூஸ் வருவிக்கும் பெயர் 'பின்ஜாமென்'! எம், ஏ, என் என்று முடிவதை 'மென்' ஆக்கு என்பது ஆணைக் குறிக்கும் ஆங்கில 'மேன்' என்ற சொல்லுக்காக எழுதிய விதி; பக்கத்தைக் குறிக்கும் 'ஹலாமானும்' அதில் மாட்டி 'ஹலாமென்' ஆகும். பன்மைக்குச் சொல்லை இரட்டிக்கும் மலாய் அந்த விதிக்குத் தெரியாது. பழைய தரவை 'பின்ஜாமான்' திரட்டில் ஏற்றிவிட்டுச் செயலியைத் திறந்தால் வெறும் பட்டியல்தான் வரும். பிழைச்செய்தி வராது, மாங்கோடிபியில் இல்லாத திரட்டைப் படிப்பது குற்றமே அல்ல. 'ஊகம் தப்பிவிட்டது' என்று தலையில் கைவைக்க வேண்டாம். மாடலின் 'கலெக்‌ஷன்.நேம்' மதிப்பை அச்சிட்டால் வருவித்த பெயர் தெரிந்துவிடும். மாடலின் புலங்களை வரையும் ஸ்கீமாவின் இரண்டாம் அளவுருவில் 'கலெக்‌ஷன்' என்ற விருப்பத்துக்குச் சரியான பெயரைக் கொடுத்தால் வருவித்தலுக்கே வேலையில்லை.

விதி நிரலகத்துக்கு நிரலகம் வேறு. ஸ்பிரிங் டேட்டா மாங்கோடிபி முதலெழுத்தை மட்டும் சிறிதாக்கும், பன்மையாக்காது. ஜாங்கோவோ செயலியின் பெயர், அடிக்கோடு, சிற்றெழுத்தில் வகுப்பின் பெயர் என்று ஒட்டி அட்டவணைக்குப் பெயரிடும். மாங்கோஎஞ்சின் 'பிளாக்போஸ்ட்' என்பதை 'பிளாக்_போஸ்ட்' என்று பிரிக்கும். 'ஊகிக்கிறது' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லவே தோன்றுவதில்லை. ஊகத்துக்கு ஏது விதி?

தரவுத்தளத்தின் பெயரையும் இதே கூடையில் போடுகிறார்கள். இணைப்பு முகவரியில் அதை எழுத மறந்தால் மங்கூஸில் எல்லாம் 'டெஸ்ட்' என்ற தளத்தில் போய் விழும். எந்த வகுப்பிலிருந்தும் அது வரவில்லை. அதற்கு வருவித்தல் என்ற பெயரும் பொருந்தாது. எதுவும் சொல்லாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்புக்கு (டீஃபால்ட்) 'முன்னிருப்பு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.