பெர்சோனா: தமிழில் புனைகோலம்

1949-ல் லாஸ் ஏஞ்சலஸின் கேடிஎல்ஏ தொலைக்காட்சியில் 15 நிமிட இசை நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. நெற்றிக்கு மேலே மணிக்கல் பதித்த தலைப்பாகை, கோட்டு, டை. ஒரு கை ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்னிசைக் கருவியில், மறு கை பியானோவில். கண்களோ கட்டைகள் பக்கமே போகாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கும். நிகழ்ச்சி முடியும்வரை மனிதர் வாயே திறக்கமாட்டார். பெயர் கோர்லா பண்டிட். பிறந்தது புதுதில்லி, அப்பா பிராமணர், அம்மா பிரெஞ்சுப் பாடகி என்பது அவர் சொல்லிவந்த கதை.

உண்மையில் அவர் ஜான் ரோலண்ட் ரெட். 1921-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர்.

இப்படி ஒருவர் ஊருக்குக் காட்டுவதற்காக உண்டாக்கிக்கொள்ளும் இன்னோர் ஆளைத்தான் ஆங்கிலத்தில் 'பெர்சோனா' என்கிறார்கள். லத்தீனில் இந்தச் சொல்லுக்கு நாடக நடிகர் அணியும் முகமூடி என்று பொருள். 'பெர்' என்றால் ஊடாக, 'சொனாரே' என்றால் ஒலித்தல்; குரல் முகமூடியின் வாய் வழியே ஒலிப்பதால் இந்தப் பெயர் என்று ரோமானியர்களே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. பெர்சோனாவில் இருப்பது நெடில் ஓகாரம், சொனாரேயில் இருப்பது குறில். இத்தாலியின் தர்குவீனியாவில், ரோமானியர் ஆதிக்கத்துக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் பழைய கல்லறை ஒன்றில் முகமூடி போட்ட ஓர் ஆளின் ஓவியம் இருக்கிறது. பக்கத்திலேயே 'ஃபெர்சு' என்று எழுதியிருக்கிறார்கள். சொல் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. மனிதரைக் குறிக்கும் 'பெர்சன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்புகளில் 'ஆளுமை' என்று போட்டுவிடுகிறார்கள். அது 'பெர்சனாலிட்டி'க்கு உரியது. ஆளுமை ஒருவரிடம் இயல்பாக இருப்பது, பெர்சோனா அவர் செய்துகொள்வது. 'ஆள்மாறாட்டம்' குற்றவியல் சொல். உண்மையிலேயே இருக்கும் இன்னொருவர் இடத்தில் போய் நிற்பது. 'வேடம்' நெருங்கி வருகிறது. ஆனால் கூத்து முடிந்தால் வேடம் கலைந்துவிடும். அதோடு, 'வேஷம் போடுறான்' என்று சொல்லிச் சொல்லி அதில் ஏமாற்றின் வாடை ஏறிவிட்டது.

இந்த வாடை எனக்கு உறுத்துகிறது. ரெட் வாழ்ந்த அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். 1947-ல் ஒரு கறுப்பினப் பாதிரியார் வெளிநாட்டவர்போலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு அலபாமாவின் மொபீல் நகருக்குப் போனார். முன்பு அவரை அவமதித்த அதே ஊரில் அந்தத் தலைப்பாகைக்கு மரியாதை கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் இசைக்கலைஞர் சங்கமே 1953 வரை வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்துதான் கிடந்தது. ரெட் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தது 1944-ல், மெக்சிகோவின் டிஹுவானாவில். கலிபோர்னியாவில் அப்போது அந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை இருந்தது. இவ்வளவையும் தாண்டிவர ஒருவர் கட்டிய தலைப்பாகையை வெறும் வேஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நான் 'புனைகோலம்' என்று எழுதுகிறேன். மாலை புனைவதும் புனைதல்தான், கதை புனைவதும் புனைதல்தான். அழகு செய்வது, இல்லாததை உண்டாக்குவது என்ற இரண்டும் அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகின்றன. 'கோலம்' என்றால் வெளித்தோற்றம்; மணக்கோலம், தவக்கோலம், மாறுகோலம் என்று ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் சொல். சாமிக்கே திருக்கோலம் உண்டு என்பதால் அதில் பழிப்பு இல்லை. இதைப் புனைபெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பண்டிட் ஆவதற்கு முன் ரெட் வானொலியில் 'ஹுவான் ரொலாண்டோ' என்ற பெயரில் வாசித்தார். அங்கே முகம் தெரியாது, பெயர் மட்டும் போதும். தொலைக்காட்சிக்குத்தான் உடை, பார்வை, பிறந்த ஊர், பெற்றோர் எல்லாம் தேவைப்பட்டன.

வினையாக எழுதும்போது 'கோலம் புனைந்தார்', 'கோலம் களைந்தார்' என்று இயல்பாகவே வரும். ரெட் விஷயத்தில் இரண்டாவதற்கு வேலையே இல்லை. 1998-ல் கலிபோர்னியாவில் அவர் இறந்தது கோர்லா பண்டிட்டாகத்தான். பிறந்த பெயர் பத்திரிகையில் வெளியானது 2001-ல்.