ஹான்ஸ், மாவா, கூல் லிப்பை விட: அரசு தருவது என்ன, செட்டாகச் சேர்ந்து செய்ய வேண்டியது என்ன?

ஹான்ஸ், கூல் லிப், பாக்கோடு புகையிலை கலந்த மாவா என வாயில் ஒதுக்கும் புகையிலையை விட நினைப்பவருக்கு போனில் ஆலோசனை, ஆஸ்பத்திரியில் நேரில் ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து, இவ்வளவும் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. கூடவே விடுகிற ஆள் மட்டும் எந்த அரசாணையிலும் இல்லை. அந்த ஆளை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். சென்னையில் அது அப்படியொன்றும் கஷ்டமில்லை, ஏனென்றால் இங்கே ஹான்ஸ் போடுபவர் பெரும்பாலும் தனியாகப் போடுவதில்லை. ஆட்டோ ஸ்டாண்டு, கட்டட வேலை நடக்கும் இடம், கோயம்பேட்டு லோடு செட், காசிமேட்டு வலைக்கூடம் என எங்கே பார்த்தாலும் பாக்கெட் ஒருவர் பையில் இருந்தால் அது எல்லோருக்கும் பொது. போடுவது கூட்டாக நடக்கும்போது விடுவதை மட்டும் தனியாகச் செய் என்று சொல்வதில் நியாயமில்லை.

முதலில் சட்டத்தைப் பற்றிய பயம். “அது தடை செஞ்ச சரக்கு. போடுறேன்னு நானே போய்ச் சொன்னா புடிச்சிட மாட்டாங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. அதை அறிவிக்கை மூலம் ஆண்டுதோறும் நீட்டித்து வந்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் அறிவிக்கையை ரத்து செய்ய, அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இந்தத் தடை தயாரிப்பது, இருப்பு வைப்பது, கொண்டுபோவது, விற்பது ஆகியவற்றுக்குத்தான். வாயில் போடுபவரைக் குற்றவாளியாக்கும் வரி அதில் இல்லை. ஆலோசகரிடம் நீங்கள் சொல்வது போலீஸுக்குப் போகாது. ரோட்டில் துப்பினால் அபராதம் என்பது வேறு கணக்கு.

விற்பவருக்கு இன்னொரு கத்தியும் தொங்குகிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதையும், பள்ளி கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் தடுக்கிறது. சிறுவர் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவுப்படி, டாக்டர் சொல்லாமல் ஒரு பிள்ளைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பையன் புத்தகப்பையில் கூல் லிப் டப்பாவைப் பார்த்த பெற்றோர் அவனை அடிப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டத்தின் கண்ணில் மாட்டுவது விற்றவர்தான், பையன் இல்லை.

இனி போன். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. காசு பிடிக்காது. 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கி, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்கும் விரிந்தது. தமிழில் பேசலாம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்கும். இந்த எண்ணைப் புகையிலைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. தடை செய்த பொருளின் முதுகிலேயே அதை விடுவதற்கான நம்பரும் ஏறிவருகிறது, இது நம் ஊர் வேடிக்கை.

போன் போட்டால் என்ன போடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் கிள்ளு, முன்பு விட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்பார்கள். எழுந்த அரை மணிக்குள் போட வேண்டும் என்றால் உடம்பு நிகோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் அந்தக் கேள்வி. கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். பிறகு ஒரு தேதி குறிக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை ஒட்டி அவர்களே திரும்ப அழைப்பார்கள். தெரியாத நம்பர், லோன் கேட்கிறார்கள் என்று கட் பண்ணிவிட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்து, பேச்சு வேண்டாம் என்பவர்களுக்கு 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மெசேஜ் வழியாக ஆலோசனை வரும் ஏற்பாடும் உண்டு. என்னைக் கேட்டால் பேசுவதே மேல்.

தேதி குறிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பார்கள், லீவு நாள் என்று. புகையிலையை விட்டபின் உடம்பு அதிகமாகப் படுத்துவது இரண்டாவது, மூன்றாவது நாளில். ஞாயிறு விட்டால் இரண்டாவது நாள் திங்கள், அன்றைக்கு உதவி எண்ணுக்கு விடுமுறை. சனி விட்டால் மூன்றாவது நாள் திங்கள். ஆகவே செவ்வாயில் விடுங்கள். புதன், வியாழன், வெள்ளி என்று ஆபத்தான நாளெல்லாம் போன் எடுக்க ஆள் இருக்கும். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது, செவ்வாய் வெறுவாய் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், நமக்கு வேண்டியதும் வெறும் வாய்தான் என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமையோ நடுராத்திரியோ தவித்தால் 104 மருத்துவ உதவி எண்ணும், 14416 டெலி மானஸ் மனநல எண்ணும் 24 மணி நேரமும் இருக்கின்றன.

நேரில் போக வேண்டுமென்றால் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆலோசனை மையங்கள் உள்ளன. சென்னையில் எனக்குப் பிடித்த வாசல் பல் டாக்டர் வாசல்தான். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஓ.பி. சீட்டு போட்டு, பல்லைக் காட்ட வந்தேன், போயிலையையும் விடணும் என்று சொன்னால் போதும். பல்வலிக்காகவே போயிலை ஒதுக்கப் பழகியவர்கள் வடசென்னையில் ஏராளம், பெண்கள் உட்பட. வலிக்கிற பல்லைச் சரிசெய்யாமல் போயிலையை மட்டும் பிடுங்கினால் வாரத்துக்குள் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அரசுடையது அல்ல, அறக்கட்டளை நடத்துவது. 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய புகையிலை விடுப்பு மையங்களில் ஒன்று அங்கேதான் அமைந்தது.

மருந்து என்றால் பெரும்பாலும் நிகோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் கம்மை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கலாம், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். ஆஸ்பத்திரி மையத்தில் இருப்பு இருந்தால் இலவசமாகவே கிடைக்கும், கேளுங்கள். இதைச் சாதாரண பபிள்கம் மாதிரி சவைத்துத் தள்ளினால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுள்ளென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படியே அரை மணி. சிகரெட்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. ஹான்ஸ் போட்டவருக்கோ ஒதுக்குவது கைவந்த கலை. கம்முக்குக் கால் மணி முன்னாலிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம், நிகோட்டின் வாயில் சரியாக ஏறாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாக்கு, மாவா போட்டு வாய் திறக்கவே முடியாமல் இறுகிப்போனவர்களுக்கு மெல்வதே கஷ்டம், அவர்களுக்கு டாக்டர் வேறு வழி பார்ப்பார்.

போயிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்பவர்களிடம் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வாயை இறுக்குவதும் முக்கியமாகப் பாக்குதான்.

விட்ட முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரும் என்று எல்லா நோட்டீஸிலும் போட்டிருக்கும். எதிலும் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு கிள்ளு போட்டால்தான் வயிறு கலக்கும் என்று பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் வெளிக்கே போகாது. நாலாம் நாள் “வயித்துக்காகத்தான்” என்று மறுபடி போட்டுவிடுவார்கள். இந்த மலச்சிக்கல் நிகோட்டினை விட்டதால் வருவது, சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். எழுந்ததும் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், சாப்பாட்டில் கீரை என்று தேற்றிக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஆலோசகரிடமே சொல்லுங்கள், அவருக்கு இது புதிதில்லை.

இனி கூட்டாளி விஷயம். ஆலோசனை மையத்துக்குத் தனியாகத்தான் வர வேண்டும் என்று விதி கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து போய், நாங்க எல்லாரும் ஒரே ஸ்டாண்டு, சேர்ந்தே விடப்போறோம் என்று சொல்லலாம். குழுவாக உட்காரவைத்துப் பேசுவதும் இந்த மருத்துவத்தில் பழைய முறைதான். சிகரெட்டை விடுவது பற்றிய ஆய்வுகளில், புத்தகத்தைப் படித்துத் தானே முயன்றவர்களைவிடக் குழுவில் சேர்ந்தவர்கள் அதிகமாக ஜெயித்திருக்கிறார்கள்.

ஒரு ஆட்டோ ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். எட்டு வண்டி, அதில் ஐந்து பேர் போடுகிறவர்கள். மூன்று பேர் விடத் தயார். அந்த மூவரும் ஒரே செவ்வாயைக் குறிக்கட்டும். மீதி இருவரையும் திருத்தும் வேலையில் இறங்க வேண்டாம், அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: “அண்ணே, நாங்களே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.” இதுதான் முக்கியமான ஒப்பந்தம். கடையில் காசு கொடுத்து வாங்கி மறுபடி ஆரம்பிப்பவரைவிட, பக்கத்து வண்டியில் கை நீட்டி ஆரம்பிப்பவர்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

வாட்ஸ்அப்பில் மூவருக்கும் ஒரு குரூப். காலை வணக்கமும் சாமி படமும் அதில் வேண்டாம். தோன்றும்போது போட வேண்டும் என்ற வெறி அலை மாதிரி ஏறி ஐந்து, பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டத்தான் இந்த குரூப். “மச்சி, ஒரு மாதிரி இருக்குடா” என்று ஒரு வாய்ஸ் போட்டால், யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கூப்பிட வேண்டும். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். எங்கே சவாரி, ஜி.பே வந்ததா, மழை வருமா, எதுவானாலும் சரி. வாய் பேசிக்கொண்டிருந்தால் ஒதுக்க முடியாது.

கூட்டாளியாக யாரைச் சேர்ப்பது? ஏற்கெனவே விட்டு ஆறு மாதம், ஒரு வருடம் ஆனவர் ஒருவர் கிடைத்தால் பொன். அவர் புத்தி சொல்லத் தேவையில்லை, தனக்கு எந்த நாளில் என்ன செய்தது என்று சொன்னாலே போதும். சாராயக் கூட்டாளியை இதில் சேர்க்காதீர்கள். டாஸ்மாக்கில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் நிறையப் பேருடைய விரதம் முறிகிறது. முதல் மாதமாவது இரண்டையும் சேர்த்தே தள்ளிவைப்பது நல்லது. கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான், அன்றைக்குக் கூட்டாளியோடு நேரே வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பெண்களுக்கு இந்த ஸ்டாண்டு ஏற்பாடு உதவாது. வெற்றிலையோடு போயிலை போடும் அம்மாக்கள் ஆம்பளைங்க நடுவில் போய் உட்கார்ந்து பேச மாட்டார்கள், பேச வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு உதவி எண்தான் வசதி. கூட்டாளிக்கு மகளிர் சுயஉதவிக் குழுவில் கூட உட்காரும் அக்காவோ, பக்கத்து வீட்டு அத்தையோ போதும்.

யாராவது ஒருவர் நடுவில் போட்டுவிட்டால்? போடுவார்கள். அன்றைக்கே குரூப்பில் சொல்லிவிட வேண்டும், மற்றவர்கள் கலாய்க்கக் கூடாது. கலாய்த்தால் அடுத்த முறை மறைப்பார், மறைத்தவர் பிறகு குரூப்பை விட்டே போய்விடுவார். எப்போது, யார் கூட, எதனால் என்று மட்டும் கேளுங்கள். உதவி எண்ணுக்கு மறுபடி போட்டு அதையே சொல்லலாம், ஒரு தடவைதான் உதவுவோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

கடைசியாக வாய்ப் பரிசோதனை. 30 வயது கடந்தவர்களுக்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கும்போதே வாயையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், காசு கிடையாது. அதற்கு முன் கண்ணாடியில் நீங்களே பாருங்கள். ஒதுக்கும் இடத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரலை நெட்டுக்கு வைக்க முடியாத அளவுக்கு வாய் இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள். சிகிச்சை வரை போக வேண்டி வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. காப்பீட்டு கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளலாம். மூன்று பேரும் ஒரே நாளில் போனால் வரிசையில் இடம் பிடிக்க ஒருவர், ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் என்று வேலை சீக்கிரம் முடியும்.